பாண்டுரங்கனின் இரண்டாம் பிரதி

திண்டிவனத்தில் பாண்டுரங்கனுக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பேர். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. வந்தால் எந்த ஓடு ஒழுகும், ஒழுகினால் அடியில் எந்த அலமாரி நிற்கிறது என்று பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். கச்சேரிக்குள் யாராவது பீடி பற்றவைத்தால் பேசமாட்டார்; எழுந்து வந்து வாயிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுதுவார். இதற்காக இரண்டு முறை அடியும் வாங்கியிருக்கிறார்.

கச்சேரி என்பது ஒரு மடத்தின் நில அலுவலகம். எந்த மடம் என்பது இங்கே வேண்டாம். திண்டிவனத்துக்கும் ஓமந்தூருக்கும் சுற்றுப்பக்கத்தில் பதினோரு கிராமங்களில் அதற்கு நிலம் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் அதைக் குத்தகைக்கு உழுதன. எந்த நிலத்தை யார் உழுகிறார், அதற்கு நான்கு எல்லை என்ன, உழுகிறவரின் தகப்பன் பேரோ புருஷன் பேரோ என்ன, கடைசியில் அவருடைய இடது பெருவிரல் ரேகை. இவ்வளவும் இருபத்துமூன்று தடித்த புத்தகங்களில் இருந்தன. சாகுபடிப் பதிவேடு என்பார்கள். உழுகிறவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தப் புத்தகங்களுக்கு எழுத்தர் பாண்டுரங்கன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் அடித்த புயலில் கச்சேரிக் கூரை பாதி பறந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் புத்தகங்கள் ஊறின அவல் மாதிரிக் கிடந்தன. பாண்டுரங்கன் அவற்றை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, தாள் தாளாகப் பிரித்துத் தரையிலும் துணிக்கொடியிலும் காயப்போட்டார். அவர் மனைவி கெங்கம்மாள் நாற்பது நாள் காகிதத்தைத் தாண்டித் தாண்டியே சமைத்தாள். அப்படியும் நாலு புத்தகம் தேறவில்லை. அவற்றைத் திரும்ப எழுத ஊர் ஊராகப் போனபோதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது. புத்தகம் இருந்தவரைக்கும் பங்காளிகளாக இருந்தவர்கள், அது போனதும் வரப்புக்கு வரப்பு கடப்பாரையோடு நின்றார்கள். ஓர் ஊரில் இரண்டு மண்டை உடைந்தது.

திரும்பி வந்ததும் மானேஜரிடம் போய் நின்றார். இரண்டு கட்டு, இரண்டு ஊர், இரண்டும் ஒருநாளும் ஒரே கூரைக்குக் கீழே வரக் கூடாது என்றார். அப்போதிருந்த மானேஜர் நல்ல மனுஷர். சிரித்தார், ஆனாலும் காகிதமும் மையும் வாங்கிக் கொடுத்தார். பாண்டுரங்கன் இருபத்துமூன்று புத்தகத்தையும் தன் கையாலேயே பிரதி எழுதினார். இரண்டரை வருஷம் பிடித்தது. பதிவு மாறாமல் இருக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். வீட்டிலும் அதே பாட்டுத்தான். "கீழண்ட கொல்லை, வடக்கே ஓடை" என்று அவர் முனகினால், "தெற்கே பூமாலை நெலம்" என்று அடுக்களையிலிருந்து கெங்கம்மாள் முடித்துவைப்பாள்.

பிரதிகள் அடங்கிய தகரப் பெட்டி விழுப்புரத்துக்குப் போயிற்று. அங்கே ரயிலடிக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பத்து அக்பர் அலி மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். இருவரும் சிறுவயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மண்டியின் மேல்மாடி மச்சு வீடு, சுண்ணாம்புத் தளம், ஒரு சொட்டு ஒழுகாது. மாதா மாதம் அமாவாசை விடுமுறையில் பாண்டுரங்கன் பஸ் பிடித்துப் போவார். அந்த மாதத்தில் செத்தவர் யார், நிலம் யார் பேருக்கு மாறியது என்பதையெல்லாம் பிரதியில் ஏற்றிவிட்டு வருவார். யாரும் அவரை மெச்சவில்லை. பைத்தியக்காரன் பெட்டியைப் பார்க்கப் போகிறான் என்று கச்சேரியில் கேலி பேசினார்கள்.

ஐம்பத்தைந்தில் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உழுகிறவனை நினைத்தபடி நிலத்தைவிட்டு இறக்க முடியாது. ஆனால் தான்தான் உழுகிறவன் என்று அவன் காட்ட வேண்டும். அதுவரை வெறும் மடத்துப் புத்தகமாக இருந்தது, அன்றைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடுப்புக்கும் உலையாயிற்று. பாண்டுரங்கனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், நான் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஐம்பத்தொன்பதில் புது மானேஜர் வந்தார். சரஸ்வதி பூசை நெருங்கியது. வருஷா வருஷம் மூலப் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமியன்று மறுபூசை ஆகிறவரை யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். புது மானேஜர் ஏதோ பேச்சுக்கு, "இவ்வளவு அழகா பிரதி எழுதி வச்சிருக்கீராமே, அதுக்கு ஒரு பொட்டுப் பூ கிடையாதா?" என்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பாண்டுரங்கன் சறுக்கிய இடம் அதுதான். மூலப் புத்தகம் பல பேர் கை. பிரதி முழுக்க அவர் கை, முத்து முத்தான கை. நாலு வருஷமாக அது மல்லாட்டை மூட்டைகளுக்கு மேலே கிடக்கிறது. ஒரு கண் பார்த்ததில்லை, ஒரு வாய் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சரஸ்வதிக்கு முன்னால் அது ஒருநாள் அமர வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். பக்தியா, பெருமையா என்றால் இரண்டும்தான். அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் போனார்.

அக்பர் அலி பெட்டியைக் கீழே இறக்கக் கை கொடுத்தார். ஆனால் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டும் ஒரே கூரையில வரக் கூடாதுன்னு என் காதுல ஓதிக்கினே இருந்தியே பாண்டு, இப்ப என்னா ஆச்சு?"

"ஒரே ஒரு நாளு பாய். பூசை முடிஞ்சதும் ஜல்தியா கொண்டாந்து வச்சிடறேன்."

"உன் பெட்டி, உன் சாமி, நான் என்னாத்தச் சொல்றது? ஒண்ணு பண்ணு. பாதிய எடுத்துக்கினு போ. பாதி இங்கியே கெடக்கட்டும்."

"பாதிக்கா பூசை போடுவாங்க?" என்று பாண்டுரங்கன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவர் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

நவமியன்று காலையில் நாற்பத்தாறு புத்தகங்களும் இரண்டு அடுக்காகப் படத்துக்கு முன்னால் ஏறின. வண்ணக் காகிதத் தோரணம், சாமந்தி மாலை, நடுவில் குத்துவிளக்கு. கச்சேரிக் காவலாள் பச்சைமுத்து சேரியைச் சேர்ந்தவர். மற்ற நாளெல்லாம் அதே அறையைப் பெருக்குகிறவர். பூசையன்று மட்டும் அவர் கால் பட்டால் தீட்டு. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் வாயில் மண் விழ. பாண்டுரங்கனே அவரிடம் சொன்னார்: "நாளைக்கு மறுபூசை ஆவற வரிக்கும் ஒருத்தரும் பொஸ்தகத்தத் தொடக் கூடாது. நீ வாசப்படியே தாண்டக் கூடாது, தெரிதா?"

உச்சிவேளைப் பூசை முடிந்து எல்லாரும் அடுத்த தெருவில் மானேஜர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். காற்றில் தோரணத்தின் ஒரு முனை இறங்கி விளக்கில் பட்டது. ஜன்னல் வழியாகப் பச்சைமுத்து பார்த்தார். உள்ளங்கை அகலம் நெருப்பு. அவர் தோளில் துண்டு இருந்தது, கதவோரம் குடத்தில் தண்ணீர் இருந்தது. வாசற்படி வரைக்கும் போனவர் அங்கிருந்து திரும்பி மானேஜர் வீட்டுக்கு ஓடினார். அங்கேயும் தெருவில்தான் நிற்க வேண்டும். நின்று கத்தினார். பந்தி முடியட்டும், உனக்கும் இலை உண்டு என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

பாண்டுரங்கன் எச்சில் கையோடு ஓடி வந்தபோது கூரை பற்றி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போகப் பாய்ந்தவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். பச்சைமுத்து அவர் முன்னால் நின்று அழுதார். "ஒரு மிதி மிதிச்சிருந்தா அணைஞ்சிருக்கும் சாமி. நீங்கதான தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க." வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊர் பேசியது. அதைப் பாண்டுரங்கன் மறுக்கவில்லை.

மானேஜர்தான் தீ வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆனால் எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்று அவர் பார்த்தது மெய். சாம்பல் ஆறி ஒரு மாதம் ஆவதற்குள், மடத்து நிலத்தில் குத்தகைதாரர் என்று ஒருவரும் இல்லை, எல்லாரும் பண்ணையாட்களே என்று அறிவித்துவிட்டார். பதினோரு கிராமத்து ஜனமும் பாண்டுரங்கன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. திட்டக்கூட இல்லை. இப்போது என்ன செய்வது என்று அவரையே கேட்டது.

வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் போனார். அக்பர் அலி ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் அதே மேல்மாடியைத் திறந்துவிட்டார். பாண்டுரங்கன் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னார், சொன்னதை எழுதினார். கெங்கம்மாள் கூடவே வந்து தங்கி, அவர் தடுமாறின இடத்தில் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவும் திரும்ப வந்தன. அந்த நாட்களில் அவர் இளைத்துக் கொக்கி மாதிரி ஆகிவிட்டார்.

ஒரு நாள் அக்பர் அலி மட்டும் சொன்னார்: "பழசெல்லாம் உனக்கு வாய்ப்பாடு மாதிரி வருது பாண்டு. நூறு தடவ சொன்னது. கடைசி ரெண்டு வருசத்துல மாத்துனத ஒண்ணு ரெண்டு தடவதான எழுதின? அதப் பாத்துக்க."

"எல்லாம் ஞாபகத்துல இருக்குது பாய்" என்றார் பாண்டுரங்கன்.

அறுபதில் விழுப்புரம் ரெவின்யூ கோர்ட்டில் விசாரணை நடந்தது. இது பிரதியா என்று அதிகாரி கேட்டார். இல்லை, நினைவிலிருந்து எழுதினது என்று பாண்டுரங்கன் ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி முப்பது நிலங்களைத் தானே பொறுக்கி, புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு கேட்டார். முப்பதுக்கும் எல்லை பிசகாமல் வந்தது. ஆள் அனுப்பி நேரில் பார்த்ததிலும் ஒத்துப்போயிற்று.

ஒரே ஒரு தகராறுதான் வந்தது. கிணற்றங்கொல்லை என்கிற ஒன்றரை ஏக்கர். வெள்ளையம்மாள் என்கிற விதவை எழுந்து நின்று அது தன் நிலம் என்றாள். புருஷன் செத்த பிறகு அவன் தம்பி சீனுவாசன் பேருக்கு மாறியது என்று பாண்டுரங்கன் எழுதியிருந்தார். சீனுவாசனும் வாயைத் திறக்காமல் ஆமாம் என்று தலையாட்டினான்.

"என் கையப் புடிச்சி மை தடவி ரேகை வச்சது நீங்கதாங்க. மறந்துட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

பாண்டுரங்கன் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தார். கிணற்றங்கொல்லை, மேற்கே சீனுவாசன். அந்தப் பேர் நாவில் வந்து நின்றது. "இல்லம்மா. எத்தனியோ பேருக்கு ரேகை வச்சிருக்கேன், நீயா நெனச்சிக்காத. கோர்ட்ல பொய் சொல்லக் கூடாது" என்று எல்லார் முன்னாலும் அவளைக் கண்டித்தார். கொழுந்தனும் அவளும் சேர்ந்து உழுத கொல்லை, யார் பேரில் என்பது ஊருக்குத் தெரியாது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் ஊர்க்காரர்களே அவளை உட்காரவைத்தார்கள்.

பதிவேடு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மடத்து வக்கீல் விடவில்லை. ஒரு மனுஷனுடைய ஞாபகத்தில் நிற்கிற ஏடு இது, இதில் ஒரு பதிவு தப்பு என்று தெரிந்தாலும் முழுதும் தள்ளுபடியாக வேண்டும் என்று மெட்ராஸில் அப்பீல் போட்டார். அப்பீல் வருஷக்கணக்கில் இழுத்தது. சீனுவாசன் கிணற்றங்கொல்லையை உழுதான். வெள்ளையம்மாள் ஊரைவிட்டு வந்து அக்பர் அலி மண்டியில் மல்லாட்டை உரிக்கிற கூலிக்குச் சேர்ந்தாள்.

அறுபத்திரண்டு தை மாதம். பாண்டுரங்கன் மண்டிக்கு வந்திருந்தார். முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையும் இயந்திரம் மாதிரி ஓட, வெள்ளையம்மாள் மட்டும் வலது கையாலேயே நசுக்கி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இடது பெருவிரல் நகத்தோடு பிளந்து ஆறி, விறைத்துப்போயிருந்தது.

பாண்டுரங்கன் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். ஐம்பத்தேழு, அறுப்புக் காலம். ஒரு பெண் இடது பெருவிரலில் கந்தல் சுற்றிக்கொண்டு கச்சேரிக்கு வந்தாள். கருக்கரிவாள் வெட்டிவிட்டது என்றாள். அதனால் வலது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார். ஓரத்தில், இடது விரல் காயம், வலது ரேகை என்று குறிப்பும் எழுதினார். அறுநூற்றுப் பன்னிரண்டில் அந்த ஒன்றுதான் வலது கை ரேகை. கிணற்றங்கொல்லை. மேற்கே சீனுவாசன் என்று நாவில் நின்றது பக்கத்து நிலத்துக்காரன் பேர்.

அங்கேயே அவள் முன்னால் குந்தினார். "அம்மா, நான் தப்பு பண்ணிட்டேன். அந்த நெலம் உன்னுதுதான். இப்பத்தான் ஞாபகம் வருது" என்றார். அவள் கையிலிருந்த காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "வாங்க. இப்பவே கோர்ட்டுக்கு வந்து சொல்லுங்க."

நடந்தார்கள். கோர்ட் வாசல் வந்ததும் பாண்டுரங்கனின் கால் நின்றுவிட்டது. உள்ளே போய் இதைச் சொன்னால் அடுத்த நாளே மடத்து வக்கீல் அதை மெட்ராஸுக்குக் கொண்டுபோவார். பதினோரு கிராமமும் போய்விடும். அவர் அவளிடம் அதை அப்படியே சொன்னார். கேஸ் முடியட்டும், முடிந்த மறுநாளே வந்து சொல்கிறேன், பெற்ற பிள்ளைமேல் சத்தியம் என்றார்.

வெள்ளையம்மாள் முந்தானையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை உதறினாள். "மடத்துக்கு ரெண்டு பொஸ்தகம் எழுதி வச்சீங்க. எனக்கு இருந்தது ஒரு கொல்லைதாங்க" என்றாள். உள்ளே போய்த் தானே கத்தியிருக்கலாம். ஏற்கெனவே பொய்க்காரி என்று பேர் வாங்கினவள் பேச்சை யார் கேட்பார்கள்? திரும்பி மண்டிக்கு நடந்தாள்.

அதன் பிறகு நாலு வருஷம் பாண்டுரங்கன் நன்றாகச் சாப்பிட்டதில்லை. அறுவடை தோறும் ஒரு மூட்டை கேப்பை அவள் குடிசைக்கு அனுப்புவார். அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. வேண்டாம் என்று தள்ள அவளிடம் என்ன இருந்தது? ஆனால் அவர் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அறுபத்தாறில் மெட்ராஸிலிருந்து தீர்ப்பு வந்தது. மடம் தோற்றது. பதினோரு கிராமத்து ஜனமும் மேளத்தோடு பாண்டுரங்கன் வீட்டுக்கு வந்து மாலை போட்டது. அன்றைக்குப் பச்சைமுத்துவும் வந்திருந்தார். பாண்டுரங்கன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கூடத்தில் உட்காரவைத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் மனுவோடு விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனார்.

அங்கே இருந்த குமாஸ்தா மனுவை வாங்கிப் படித்தார். பிறகு தீர்ப்பு நகலை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இந்தப் பதிவேடே முடிவானது, இதிலுள்ள எந்தப் பதிவையும் இனி எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது என்று அதில் இருந்தது. ஜனங்களுக்கு மறுபடி ஆபத்து வரக் கூடாது என்று அவர்கள் வக்கீலே வாதாடி வாங்கின வரி அது.

"எழுதினவன் நானே வந்து தப்புன்னு சொல்றேனே சார்" என்றார் பாண்டுரங்கன்.

"யார் வந்து சொன்னாலும் செல்லாது பெரியவரே. அதுக்காகத்தான இவ்ளோ வருசம் சண்ட போட்டீங்க?" என்று குமாஸ்தா மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

நேரே சீனுவாசனிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டார். கோர்ட்டே சொல்லிவிட்டது, நீர் யார் என்றான் அவன். பொழுது சாயும் நேரத்துக்கு மண்டிக்கு வந்தார். வெள்ளையம்மாளிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கை நிற்கவில்லை, உரித்துக்கொண்டே கேட்டாள்.

"மத்தவங்க அத்தினி பேருக்கும் நெலம் நின்னுடுச்சாங்க?"

"நின்னுடுச்சும்மா."

"நல்லாருக்கட்டும்" என்றாள். உரித்த பருப்பை முறத்தில் தள்ளிவிட்டு, "இனிமே கேப்ப அனுப்பாதீங்க. இந்த மண்டிப் பக்கமும் வராதீங்க" என்றாள்.

பாண்டுரங்கன் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். அக்பர் அலி எத்தனையோ ஆள் விட்டுக் கூப்பிட்டும் விழுப்புரம் பஸ்ஸில் அவர் ஏறவில்லை.